பதினோராவது கையெழுத்து

"நோட்டீஸ் வாங்கினதுக்குப் பத்து கையெழுத்து இருக்கு. பதினொண்ணாவது எங்கம்மா?"

"தபால்ல அனுப்பினேன் சார். திரும்பி வந்துடுச்சு."

"புகார் கொடுத்த மனுஷனுக்கே நோட்டீஸ் போகலைன்னா யாரை எதிர்த்து மேல்முறையீடு பண்றீங்க, என்னையா?" கட்டட அலுவலகக் குமாஸ்தா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "பக்கத்து வீடுதானே? கையில கொடுத்து வாங்கிட்டு வாங்க. இன்னைக்குத்தான் கடைசி நாள், அஞ்சு மணி வரைக்கும் இருப்பேன். ஒருத்தருக்குத் தெரிவிக்காம விட்டாலும் மனுவை எடுத்துக்க மாட்டாங்க."

மருந்துக்கடைக்காரி ஓட்டமும் நடையுமாகத் திரும்பினாள். பக்கவாதத்தில் விழுந்த அப்பாவுக்குக் காற்று வேண்டுமென்று அவள் எழுப்பிய மாடி அறைக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே, விதிப்படி விட வேண்டிய இடத்தில் நாலடி குறைந்தது. இடிக்கச் சொல்லி உத்தரவு. புகார் எழுதியவர் அந்த வீட்டுப் புத்தக பைண்டர். இரண்டு வருடமாக இருவருக்கும் முகம் கொடுத்துப் பேச்சில்லை.

"அடேயப்பா! இந்தப் பக்கம் தலைவச்சுப் படுக்காதவங்கல்லாம் வர்றாங்க," என்றார் அவர்.

"நோட்டீஸ், அண்ணே. வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்து போதும்."

"பேனா மாடியில இருக்கு. பாத்து ஏறுங்க, கும்மிருட்டு. எல்லாம் உங்க புண்ணியம்."

மாடியில் பசை வாசனை. தைத்து முடிக்காத புத்தகங்கள் காலில் இடறின.

"காலையில உங்க சுவர் வெளிச்சத்தை மறைக்குது. சாயங்காலம் வெயில் அதுல பட்டு என் கண்ணைக் குத்துது. அதான் ஜன்னலுக்கு அட்டை அடிச்சேன். ஒரு ஆணி விழுந்து ஓட்டையாயிடுச்சு." கதவைச் சாத்தினார். "இப்ப எதிர்ச் சுவரைப் பாருங்க, அந்த ஓட்டை வழியா வர்ற வெளிச்சம் படம் போடும்."

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு சுவரில் நிறங்கள் ஊறி வந்தன. கீழே வானம். மேலே அவள் வீடு, தலைகீழாய். நீலத் திரை காற்றில் அசைந்தது, சத்தமே இல்லை. கதவளவு ஜன்னலின் கம்பிகளைப் பிடித்துக்கொண்டு, அறையின் கூரையிலிருந்து தொங்குவதுபோல், ஓர் ஆள்.

அப்பா. நின்றுகொண்டிருந்தார்.

இனி எழுந்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னதை நம்பி, வேளை தவறாமல் மாத்திரை எண்ணிக் கொடுத்தவள் அவள்.

"தினமும் நாலு மணிக்கு," என்றார் பைண்டர், கோயிலில் பேசுவதுபோல் தணிந்த குரலில். "போன மாசம் மூணு எண்ணுறதுக்குள்ள உட்கார்ந்துடுவாரு. இங்க எனக்கு உயிர் போயிட்டு வரும். நேத்து நாப்பது. உங்ககிட்ட சொல்லலையா?"

இல்லையென்று அவள் தலையசைத்தது இருட்டில் தெரிந்திருக்காது. ஐம்பத்தொன்று, ஐம்பத்திரண்டு. அவள் உதடுகள் தாமாகவே எண்ணின. அப்பாவின் ஒரு கை கம்பியை விட்டது. ஒளியில் விரித்தது. மறுபடி பிடித்தது.

பைண்டர் கதவைத் திறக்கவில்லை. காகிதத்தைத் தடவிப் பார்த்தே கையெழுத்துப் போட்டார்.

"ஒண்ணு சொல்லிடறேன். விசாரணையில நான் எதிர்த்துத்தான் பேசுவேன். காலையில எனக்கு வெளிச்சம் வேணும்."

"பேசுங்க அண்ணே." மணி நாலைத் தாண்டியிருந்தது. அவள் காகிதத்தை வாங்கிக்கொண்டாள். கண்ணைச் சுவரிலிருந்து எடுக்க முடியவில்லை. "ஆனா அதுக்கு முன்னாடி, தீர்ப்பு சொல்றவங்களை ஒரு நாள் நாலு மணிக்கு இந்த இருட்டுல உட்கார வச்சு அப்பா நிக்கறதைக் காட்டணும். விடுவீங்களா?"