பத்து நிமிட கேட்

ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததுமே ரயில்வே கேட்டை மூடிவிடுவேன். ரயில் வர இன்னும் பத்து நிமிடம் ஆகும். ஆகட்டுமே! பதினெட்டு வருடத்தில் என் கேட்டில் ஓர் ஆட்டுக்குட்டிகூட அடிபட்டதில்லை. பயந்தாங்கொள்ளி என்று ஊரே கேலி செய்தது. செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

போன மாதம் ஓர் இன்ஜினீயர் அம்மா வந்து, நாள் முழுக்க நோட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னிக்கு மட்டும் நாப்பத்தோரு பேர் கேட்டுக்கு அடியில குனிஞ்சு போயிருக்காங்க. ஏன் தெரியுமா? நீங்க ரொம்ப சீக்கிரம் மூடுறீங்க."

எனக்குச் சுருக்கென்றது. பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருப்பேன். ஆனால் அந்த நாற்பத்தோரு பேரில் என் மனைவியும் உண்டு. "மூடியிருந்தா என்ன, பத்து நிமிஷம் இருக்கு. குனிஞ்சு வந்துடு, சாப்பாடு ஆறிடும்" என்று அவளைப் பழக்கியவனே நான்தான்.

புது ஏற்பாடு வந்தது. என் அறையில் ஒரு விளக்கு. அது எரிந்த பிறகுதான் மூட வேண்டும். மூடிய இரண்டாவது நிமிடம் ரயில் வந்துவிடும். பஸ் டிரைவர், பால்காரர், பள்ளிக்கூட வாட்ச்மேன் என்று ஒருவர் விடாமல் பிடித்து நிறுத்தி, தொண்டை வறளச் சொன்னேன். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. வேலைப் பேச்சை வீட்டுக்குக் கொண்டுபோகும் பழக்கம் எனக்கில்லை.

முதல் நாள் மதியம் விளக்கு எரிந்தது. மூடினேன். எதிர்ப்பக்கம் டிபன் கேரியரோடு வந்தவள் வழக்கம்போல் குனிந்தாள். வளைவில் ரயில் தெரிந்தது.

"நில்லுடி!"

ஹாரன் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. ரயிலுக்குக் காட்டப் பிடித்திருந்த பச்சைக் கொடியைக் கீழே எறிந்துவிட்டு, சிவப்பை எடுத்து அவளைப் பார்த்து ஆட்டினேன். கல்யாணமான நாளிலிருந்து நான் அவளுக்குச் சிவப்புக் கொடி காட்டியதில்லை. திகைத்துப் பின்வாங்கினாள். சிவப்பை ரயில் டிரைவரும் பார்த்துவிட்டார். ரயில் கிறீச்சிட்டபடி எங்களுக்கு நடுவே போய், தள்ளி நின்றது.

கேட் திறந்ததும் வந்தாள்.

"உன்கிட்ட சொல்லாம விட்டுட்டேன்."

"பால்காரர் சொன்னாரு. நான்தான் நம்பல. உங்க பயம் எனக்குத் தெரியாதா? எப்படியும் முன்னாடியே மூடியிருப்பீங்கன்னு நெனச்சேன்."

ரயிலை நிறுத்தியதற்கு அன்றே எழுதிக் கொடுக்கச் சொன்னார்கள். தண்டவாளத்தில் ஆள் இறங்கியதாக எழுதினேன். யார் என்ற இடத்தில் 'என் மனைவி' என்றும், காரணம் என்ற இடத்தில் 'நான் பழக்கியது' என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.