ஐம்பத்தேழு டிகிரி

என் வீட்டுக்காரர் அப்பாண்டைராஜுக்கு அன்றைக்கு உபவாசம். எனக்கோ வாய் அடங்காத நாள். இரண்டும் ஒரே வீட்டில் இருந்தால் என்ன ஆகும் என்று கேட்டால், கேளுங்கள், சொல்கிறேன்.

தசலட்சண பர்வத்தின் ஐந்தாம் நாள் அது. பத்து நாளுக்குப் பத்து தர்மம், ஐந்தாம் நாளுக்கு உத்தம சத்தியம். எங்கள் சமண நயினார் வீடுகளில் பல பேர் ஒருவேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொள்வார்கள். இவர் பிடிவாதக்காரர். சோறு கிடையாது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் மட்டும், அதுவும் ஒரே ஒரு தடவை, பொழுது சாய்வதற்குள். சூரியன் இறங்கிவிட்டால் மறுநாள் காலைவரை நாக்கில் ஒரு சொட்டுப் படாது. போன வருஷம் சிறுநீரகக் கல்லோடு வேலூரில் நான்கு நாள் படுத்து உருண்டவர் இந்த மனுஷன். "தண்ணி குடிக்காம ஒரு நாள் இருந்தாலும் திரும்ப இங்கதான் வருவீங்க" என்று டாக்டர் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். இவரிடம் சொல்லிப் பிரயோசனமில்லை என்று அவருக்கே தெரிந்திருக்கிறது.

உபவாசத்துக்கென்று லீவு போட்டிருந்தார். காலையில் செய்யார் கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் சக்கரவர்த்தி போன் பண்ணினார்.

"சார், ஊர்லதான இருக்கீங்க? ஸ்டோர்ல ஆள் இல்ல, ஒரே பேஜாரா கீது."

நான் எதிரே நின்று இரண்டு கையையும் ஆட்டினேன். ஊரில் இல்லை என்று சொல்லுங்கள் என்று வாயசைத்தேன். இவர் என்னைப் பார்த்துக்கொண்டே, "ஊர்லதான் இருக்கேன் சார்" என்றார்.

"ஒரு பொய் சொன்னா குடி முழுகிடுமா?" என்று கேட்டேன்.

"இன்னைக்கி சத்திய தினம், சந்தனா. இன்னைக்கா பொய் சொல்றது?"

"சொல்லாதீங்க. திரும்பவும் கல்லு வந்தா அதுகிட்டயும் போய் சத்தியம் பேசுங்க."

சிரித்துக்கொண்டே சட்டையை மாட்டினார். ஆறு மணிக்குள் வந்துவிடுவதாகவும், தண்ணீரை மட்டும் எடுத்து வைக்கும்படியும் சொல்லிவிட்டு கம்பெனி பஸ்ஸைப் பிடிக்கப் போனார். நான் இரண்டு லிட்டர் தண்ணீரை வடிகட்டிக் காய்ச்சி, மூடிபோட்ட பித்தளைத் தூக்கில் வைத்தேன். அடையாளத்துக்கு அதன் காதில் சிவப்புப் பட்டு நூல் ஒன்றையும் கட்டினேன். அவ்வளவு கவனம்.

அந்தக் கவனம் சாயங்காலம் எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியவில்லை. நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் டீச்சர். நாலரை மணிக்கு வீட்டில் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு டியூஷன். அன்றைய பாடம் தன்வெப்ப ஏற்புத்திறன். பக்கத்து வீட்டு எழிலரசியின் தறியில் தொங்கும் இரும்புக் குண்டு ஒன்றைக் கேட்டு வாங்கி, கொதிக்கும் நீரில் போட்டுச் சூடாக்கினேன். அதை அளந்த குளிர்ந்த நீரில் இறக்க வேண்டும். நீர் எத்தனை டிகிரி ஏறுகிறது என்று பார்த்தால் இரும்பின் கணக்கு வந்துவிடும். பீக்கர் போன வாரமே உடைந்திருந்தது. பேசிக்கொண்டே சமையலறைக்குப் போனேன். வெப்பம் அளக்கிற கலோரிமீட்டரைச் செம்பில் செய்வார்கள், பித்தளை அதற்குச் சித்தப்பா மகன்தானே என்று பிள்ளைகளிடம் ஜோக்கும் அடித்தேன். கைக்கு எட்டிய தூக்கைத் தண்ணீரோடு எடுத்து வந்து அதில் குண்டை இறக்கினேன். விடை புத்தகத்தில் இருப்பதற்கு மிகப் பக்கத்தில் வந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

அவர்கள் போனபிறகு தூக்கைக் கழுவ எடுத்தேன். தண்ணீர்மேல் தறி எண்ணெய் வட்டமாக மிதந்தது. காதில் சிவப்பு நூல் தொங்கியது.

மணி ஐந்து முப்பத்தைந்து. காலண்டர்படி சூரியன் மறைவது ஆறு பதினொன்று.

என்னை நானே வைதுகொண்டே தூக்கைச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். வேறு தண்ணீரை அதிலேயே வடிகட்டி அடுப்பில் ஏற்றினேன். கொதி வருவேனா என்றது. மூடியைத் திறந்து திறந்து பார்த்ததில் இன்னும் தாமதமானது. பிள்ளைகள் அப்படிச் செய்தால் நான் திட்டுவேன். ஐந்து ஐம்பத்து மூன்றுக்குத்தான் கொதித்தது. இறக்கி, மூடி, பக்கெட் தண்ணீருக்குள் கழுத்தளவு வைத்தேன்.

டியூஷன் போர்டு கூடத்தில் அப்படியே இருந்தது. சாக்பீஸை எடுத்தேன். நூறு டிகிரியில் இரண்டு லிட்டர், இருபத்தெட்டு டிகிரியில் பத்து லிட்டர். ஒன்று இழக்கும் வெப்பம் மற்றது பெறும் வெப்பம். விடை நாற்பது. குடிக்கத் தோதான சூடு. எத்தனை டிகிரியில் வந்து நிற்கும் என்று கணக்கு சொல்லிவிட்டது. எத்தனை மணிக்கு என்று அது சொல்லவில்லை. அதைச் சொல்ல நான் போர்டில் எழுதியது போதாது.

அப்போது அவர் வந்தார். உதடு வெடித்து, கண் உள்ளே போயிருந்தது. நாற்காலியில் உட்கார்ந்து, "தண்ணி எடுத்து வெச்சியா?" என்றார்.

நடந்ததைச் சொன்னேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். "சரி, ஆறட்டும்" என்று மட்டும் சொன்னார்.

பக்கெட்டில் விரல் வைத்தேன். சுட்டது. தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தால் ஐம்பது. அப்போதுதான் புரிந்தது. பக்கெட்டில் பிடித்தது மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர். நாளெல்லாம் வெயிலில் வெந்த தண்ணீர். கேள்வித்தாளில் எப்போதும் இருபத்தெட்டு என்று கொடுப்பார்கள், நானும் மடச்சி மாதிரி இருபத்தெட்டு என்றே போட்டிருக்கிறேன். ஆரணி வெயில் எந்தக் கேள்வித்தாளைப் பார்த்தது?

"எழிலு, அடிபம்புல ஒரு பக்கெட் தண்ணி கொண்டா, ஜல்தி" என்று சுவருக்கு மேலே கத்தினேன்.

அந்தப் பக்கம் தறிச் சத்தம் நின்றது. எழிலரசி பக்கெட்டோடு ஓடிவந்தாள். "இன்னாக்கா, எங்கனா தீ புடிச்சிகிச்சா?"

"ஆறாத தண்ணிதான் என் உசுர வாங்குது."

"ஐஸ் போட்டு சுத்தி வைக்கிறதுதான?"

"ஐஸெல்லாம் முந்தாநாள் பாடத்துல கரைஞ்சி போச்சி."

அவள் சிரிக்கப் பார்த்து, என் முகத்தைக் கண்டு நிறுத்திக்கொண்டாள். பழைய தண்ணீரைக் கொட்டிப் புதியதை ஊற்றினோம். ஒரு சொட்டும் தூக்குக்குள் தெறிக்கக்கூடாது, காய்ச்சாத பச்சைத் தண்ணீர் கலந்தால் அதோடு சரி. உள்ளே தெர்மாமீட்டரை விடவும் முடியாது, அது கண்ட தண்ணீரிலும் முங்கி எழுந்தது. வேறு பாத்திரத்தில் மாற்றி ஆற்றலாம் என்றால் அதையும் வெந்நீரில் கழுவ வேண்டும். அவருக்கென்று கழுவி வைத்தது ஒரே ஒரு டம்ளர். எழிலரசி தூக்கைப் பிடித்து ஆட்டினாள், நான் மணியைப் பார்த்தேன். ஆறு மூன்று. ஆறு ஐந்து. ஜன்னலில் எதிர் ரைஸ்மில் சுவரின் வெயில் ஓடு வரைக்கும் ஏறிவிட்டது. தரையில் உட்கார்ந்து, வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதேன்.

"நானே உங்கள ஆஸ்பத்திரிக்கு அனுப்பறேங்க. என் கையாலயே."

அவர் எழுந்து வந்தார். தூக்கை எடுத்து ஒரு டம்ளர் ஊற்றி ஒரு வாய் வைத்தார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். ஒரு சுருக்கம்கூட இல்லை.

"ஆறிடுச்சி" என்றார். "நல்லாத்தான் கீது. அழுவாத."

எனக்குப் போன உயிர் வந்தது. அவர் ஒன்று, இரண்டு என்று ஐந்து டம்ளர் குடித்தார். எப்போதும் அண்ணாந்து குடிக்கிறவர் அன்றைக்கு டம்ளரில் வாய் வைத்து உறிஞ்சிக் குடித்தார். தாகம் என்று நினைத்துக்கொண்டேன். ஆறு பதினொன்றுக்கு டம்ளரைக் கவிழ்த்து வைத்துக் கைகூப்பினார். எழிலரசி பக்கெட்டை எடுத்துக்கொண்டு தறிக்குப் போனாள்.

தூக்கில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. இனி அதைத் தொட்டால் தப்பில்லை. வாத்தியார் புத்தி சும்மா இருக்குமா, தெர்மாமீட்டரை விட்டேன். பாதரசம் ஏறியது, ஏறிக்கொண்டே போய் ஐம்பத்தேழில் நின்றது.

"ஏங்க. இது அம்பத்தேழு."

அவர் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தேன். மேலுதடு சிவந்து தடித்திருந்தது.

"சுடுதுன்னு சொல்லிட்டே குடிச்சிருக்கலாமே. காலையில அந்த சக்கரவர்த்திகிட்ட ஒரு பொய் சொல்ல முடியல உங்களால. இன்னைக்கி என்ன நாளு?"

"தெரியும்" என்றார். நாக்கு குழறியது. "நீ தரையில உக்காந்து அழுதுகினு இருந்த. எனக்கு வேற இன்னா சொல்றதுன்னு தெரியல."

தெர்மாமீட்டரைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். அவரே, "காலையில கோயில்ல சொல்லி பிராயச்சித்தம் கேட்டுக்கறேன்" என்றார்.

"இன்னா குடுப்பாங்க?"

"இன்னொரு நாள் உபவாசம்தான்."

நான் எழுந்துபோய்த் தூக்கைத் தேய்த்துக் கவிழ்த்தேன். அதன் காதில் இன்னொரு நூலையும் சேர்த்துக் கட்டினேன்.