திதியன்று எழும்பும் வீடு

வீட்டைத் தரையோடு பிணைத்திருந்த நான்காவது வடம் தெறித்தபோது மியென் சமையலறைச் சன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, புதுக் கயிற்றின் நுனியைக் கீழே நின்ற நாத்தனாரை நோக்கி வீசினாள். ஊதுபத்தி ஏற்றியதற்கே வீடு இன்று மேலும் இரண்டு சாண் எழும்பியிருந்தது.

"பிடிச்சிட்டியா?"

"பிடிச்சாச்சு அண்ணி. எந்த மரத்துல கட்ட? இது வேரோட ஆடுது."

"ஆடாத மரமாப் பாரு. உங்க அண்ணன் மாதிரி ஒண்ணுல கட்டித் தொலைக்காதே."

நாத்தனார் ஹான் கயிற்றைச் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, தலைக்கு மேல் ஓராள் உயரத்தில் மிதக்கும் வீட்டைப் பார்த்தபடி நின்றாள்.

தாலாத் என்ற மலைநகரத்துப் பைன்மரச் சரிவில் பிரெஞ்சுத் துரை ஒருவன் கோடை கழிக்கக் கட்டிய மஞ்சள் மாளிகை அது. சரிந்த ஓட்டுக்கூரை, கருங்கல் அடித்தளம், அறைக்கொரு கணப்பு. துரை கப்பலேறினான், போர் முடிந்தது, மாளிகையை அறை அறையாகப் பிரித்துக் குடும்பங்களுக்குக் கொடுத்தார்கள். மியெனுக்கும் அவள் கணவன் காங்கிற்கும் சமையலறையும் மாடியில் ஓர் அறையும் கிடைத்தன. மூன்றாம் மாத வளர்பிறையில் ஒரு விடியலில் காங் முட்டைக்கோஸ் லாரியில் ஏறிக் கடற்கரைக்குப் போனான். அங்கிருந்து நாட்டைவிட்டுத் தப்பும் படகு. அந்தப் படகைப் பற்றி அப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மியென் வருடக்கணக்கில் காத்திருந்தாள். இறந்த நாள் தெரியாதவருக்கு, வீட்டைவிட்டுக் கிளம்பிய நாளையே திதியாக வைத்துக்கொள்வது அந்த ஊர் வழக்கம். அவளும் அப்படியே வைத்தாள். படத்துக்கு முன்னால் ஊதுபத்தி, கருக்கிய சர்க்கரையில் வெந்த மண்சட்டி மீன், ஒரு கிண்ணம் சோறு, அதன்மேல் ஒரு ஜோடிச் சாப்பாட்டுக் குச்சி.

முதல் சில வருடங்கள் ஒன்றும் நடக்கவில்லை. சைகோனிலிருந்து சுற்றுலாப் பேருந்துகள் வரத் தொடங்கியபிறகு, ஒரு திதியன்று, கிண்ணத்தை வைத்த கையோடு வீடு கருங்கல்லைவிட்டு ஒரு விரற்கடை எழும்பியது. எழும்பியது இறங்கவில்லை. அடுத்த வருடம் ஒரு சாண், அதற்கடுத்த வருடம் முழம். மற்றக் குடும்பங்கள் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டன. மூன்று முகட்டுக் கூரை ரயில் நிலையத்தையும், உச்சியில் சேவல் நிற்கும் தேவாலயத்தையும் பார்த்துவிட்டு வரும் பயணிகள் இங்கே ஏணி வைத்து ஏறினார்கள். கணப்பைத் தடவிப் பார்த்தார்கள், கூனைப்பூத் தேநீர் குடித்தார்கள், வீட்டுக்கு அடியில் குடை பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். நகர அலுவலகத்துக்காரர் வந்து அளந்துவிட்டுச் சொன்னார். "தரையில இருக்கிறவரைக்கும் இது பழங்காலக் கட்டடம், எங்க பொறுப்பு. மேல போயிருச்சுன்னா விமான இலாகாவைக் கேளும்மா."

தேதி தவறு என்பது ஊரின் முடிவு. இறந்தவனைத் தப்பான நாளில் சாப்பிடக் கூப்பிட்டால் அவன் வழி தெரியாமல் வீட்டையே இழுப்பான். ஹான் குறிகாரர்களிடம் அலைந்து சரியான நாள் வாங்கி வந்தாள். மியென் எதையும் ஏற்கவில்லை. இன்று மிஞ்சியிருப்பது மூன்று வடம். கிண்ணத்தை வைத்தால் வீடு கையைவிட்டுப் போகும்.

ஹான் ஏணியேறி வந்து சோற்றுக் கிண்ணத்தைப் பறித்துக்கொண்டாள்.

"எட்டாம் மாசம்னு சொல்றாங்க அண்ணி. அஞ்சு மாசம் பொறுக்கக் கூடாதா? உங்களுக்குன்னு இருக்கிறது இந்த வீடு ஒண்ணுதான்."

"கொண்டா இப்படி."

"செத்தவருக்காக இருக்கிற கூரையையும் விடுவீங்களா?"

"ஆறிப் போகுதுடி. கொண்டா."

மியென் கிண்ணத்தை வாங்கிப் படத்தின் முன் வைத்தாள், குச்சிகளை நேராக்கினாள். வடங்கள் ஒவ்வொன்றாகத் தெறித்தன. ஏணி சரிந்தது. வீடு அலுங்காமல் பைன் உச்சிகளைத் தாண்டியது, தேவாலயச் சேவலைத் தாண்டியது, ஏரிக்கு மேலே மூடுபனிக்குள் போய் நின்றது. அன்றுமுதல் அது அங்கேதான் இருக்கிறது. கீரையும் மீனும் கூடையில் வைத்துக் கயிற்றால் இழுக்கப்படுகின்றன. பனி விலகும் வேளையில் பேருந்துகள் ஏரிக்கரையில் நிற்கும். வழிகாட்டிகள் மேலே கைகாட்டி, கட்டிய ஆண்டைச் சொல்லிவிட்டு ஸ்ட்ராபெர்ரிக் கடைக்கு நகர்வார்கள்.

அன்று மதியம், கீழே ஊர் மறைந்தபின், ஹான் சன்னலோரம் உட்கார்ந்து கேட்டாள். "அப்படி என்ன அண்ணி இந்த நாள்ல?"

மியென் மீனில் முள் எடுத்துக்கொண்டே சொன்னாள்.

"வீடு முதல்ல எழும்பிச்சே, அதுக்கு முந்தின வருஷத் திதிக்கு நீ சந்தையில இருந்தே. சைகோன் பஸ் ஒண்ணு வந்துச்சு. திதிச் சாப்பாட்டு நேரத்துல வந்தவங்களைச் சும்மா அனுப்பறதில்லையே, உட்காரவச்சேன். ஒருத்தரு தொப்பியைக் கழட்டாமச் சாப்பிட்டாரு. முள்ளை இடது கன்னத்துல ஒதுக்கி ஒதுக்கித் துப்பினாரு. மீன் நல்லாயிருக்குன்னு ரெண்டாந்தரம் வாங்கிக்கிட்டாரு. எழுந்து போய்ப் படத்துக்கு அவரே ஊதுபத்தி ஏத்தினாரு. கூட வந்த சின்னப் பொண்டாட்டி, 'யாருங்க இது'ன்னு கேட்டா."

ஹான் திரும்பிப் படத்தைப் பார்த்தாள்.

"என்னை ஒரு தரம் பார்த்தாரு. 'யாரோ, செத்துப்போனவரு'ன்னு அவகிட்டச் சொல்லிட்டு பஸ்ஸுல ஏறிட்டாரு, உங்க அண்ணன்."