மூன்றாவது சம்பளம்

கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் நாய் பாய்ந்தபோது, அது தன் கணவன் மீதுதான் பாய்கிறது என்பது அவளுக்குச் சட்டென்று உறைக்கவில்லை. நாய்களுக்குச் சோறு வைக்கிற வேலை என்றுதான் அவன் சொல்லியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வேலை, நல்ல கூலி. துணிக்கடையில் அவளுக்கு அன்று அரைநாள் விடுப்பு கிடைக்க, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு சொல்லாமல் வந்து நின்றாள். பார்த்தால், இடது கையில் மட்டும் மெத்தைபோல் தடித்த உறையை மாட்டிக்கொண்டு, திருடன் மாதிரி மதிலோரம் பதுங்கி ஓடுகிறான் மனிதன்.

"என்னங்க" என்று அலறிவிட்டாள்.

காவல் நாய்களைப் பழக்குவதற்காகத் திருடனாக நடித்துக் கடிபடுகிற ஆளுக்கு அங்கே ஒரே விதிதான். என்ன நடந்தாலும் உறை போட்ட கையை நாயின் முன்னாலிருந்து எடுக்கக் கூடாது, கவனம் வேறெங்கும் போகக் கூடாது. அவன் திரும்பினான். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் குரலுக்குத் திரும்பிப் பழகிய கழுத்து. நாய் அவன் வெறுங்கையைக் கவ்வியது. கவ்வி உலுக்கி, அவனைக் கீழே தள்ளி, மண்ணில் இழுத்தது. நாய் பழக்குகிற மாஸ்டர் ஓடிவந்து கழுத்துப் பட்டையை முறுக்கி, கடைவாயில் கட்டையைச் செருகி நெம்பினார். பல் விட்டபோது கொஞ்சம் சதையும் கூடவே போனது. நாய் வாங்க வந்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் எழுந்து, "இந்த நாயையே பேசி முடிச்சிடுங்க மாஸ்டர்" என்றார்.

மருத்துவமனையில் தையல் போட்டுவிட்டு டாக்டர் வெளியே போனதும் அவள் கேட்டாள். "சோறு வெக்கிற வேலைன்னு சொன்னீங்க."

"சோறே நான்தான்னு சொன்னா விட்டிருப்பியா?"

அவளுக்குச் சிரிப்பும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மற்ற நாளெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். கையில் கிரீஸ் போகாதவன். இரண்டு பேர் சம்பளமும் வாடகைக்கும் பஸ்ஸுக்கும் பாலுக்குமே வாயைப் பிளந்துவிடும். ஜன்னல் இல்லாத ஒற்றை அறை. சுவரின் ஈரத்தில் மகளுக்கு மூச்சிரைப்பு வந்து, அவளை அக்கா வீட்டில் விட்டு ஒரு வருஷமாகிறது. போன வாரம் போனில் பேசும்போது, குழந்தை பெரியம்மாவை அம்மா என்று கூப்பிடுவது கேட்டது. வீட்டுத் தரகர் சிரிக்காமலே சொல்லியிருந்தார்: "ரெண்டு சம்பளத்துக்கு இந்த ஊர்ல கூரைதான் கிடைக்கும். காத்து வேணும்னா மூணாவது சம்பளம் ஒண்ணு வேணும்."

மாஸ்டர் உள்ளே வந்து, நோட்டுக்கட்டை அவள் முன்னால் நீட்டினார். "கூலி. காயத்துக்கும் சேத்துத்தான் இருக்கு. கை ஆற நாளாகும் போலயே."

அவள் வாங்கிக்கொண்டாள்.

"தப்பா எடுத்துக்காதம்மா. எங்க நாயெல்லாம் ஆம்பள மேலதான் பாயுது. பொம்பளயக் கண்டா வால ஆட்டுது. வாங்குறவங்க அதத்தான் குறை சொல்றாங்க. கடிபட்டுப் பழக்கப் பொம்பள ஆளே கிடைக்கல. நீ வர்றதா இருந்தா ரெண்டு பங்கு தரேன்."

இப்போது இவள் வாயிலிருந்து வருவதை மாஸ்டர் வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறார் என்று கணவன் உள்ளுக்குள் சிரித்தபடி அவளைப் பார்த்தான். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, மெல்லக் கேட்டாள்.

"என் அளவுக்கு உறை இருக்குமா?"

நாய் கவ்வியபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தவன் கட்டிலிலிருந்து பாய்ந்தான். மாஸ்டரின் சட்டையைப் பிடித்துச் சுவரில் மோதினான். தட்டும் கத்தரியும் சிதறின. தையல் போட்ட கையாலேயே முகத்தில் குத்தினான், மறுபடி குத்தினான். மாஸ்டரின் உதடு கிழிந்தது. கட்டு நனைந்து சிவக்கச் சிவக்க, "எவளக் கேக்குற, எவளக் கேக்குற" என்பதைத் தவிர அவன் வாயில் வேறு வார்த்தை இல்லை. தடுக்கப் போனவளை அவன் முழங்கை நெஞ்சில் இடித்துத் தரையில் தள்ள, பணம் கைநழுவி இருவர் காலடியிலும் பரவியது.

எழுந்துபோய் அவனை இழுக்க வேண்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் முழங்காலிட்டு, அவன் குதிகால் உயர்ந்த இடைவெளியில் ரத்தம் சொட்டிய ஒரு நோட்டை உருவினாள். இன்னொன்று மாஸ்டரின் செருப்புக்கு அடியில் இருந்தது. அந்தக் கால் எழுவதற்காகக் காத்திருந்தாள்.