ஹிதாயா வீட்டுக் கக்கூசில் செருமியவர்

சின்ன வெங்காயத்தின் விலை சரிந்த வாரத்தில்தான் கற்பிட்டியில் ஹிதாயாவின் பூனை கக்கூசுக்குள் போய் உள்பக்கமாகத் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளத் தொடங்கியது. ஊர் வெங்காயத்தைப் பற்றித்தான் அதிகம் கதைத்தது. பூனையைப் பழக்கியது தான்தான் என்பதை ஹிதாயா ஒருபோதும் மறுத்ததில்லை. கற்பிட்டி முழுக்க மணல், பூனைக்கு இதைவிட வசதியான ஊர் கிடையாது. ஆனாலும் அந்தச் சாம்பல் பூனைக்கு அவள் தொழும் அறையின் மூலைதான் பிடித்திருந்தது. ஒவ்வொரு வக்துத் தொழுகைக்கும் முன்னால் தரையைக் கழுவிக் கழுவி அலுத்துப்போனவள், போனில் யாரோ ஒரு வெள்ளைக்காரி செய்து காட்டியதைப் பார்த்து, ஒரு பேசினில் மணல் நிரப்பி வைத்தாள். பேசினை ஒவ்வொரு நாளும் கொஞ்சம் கக்கூஸ் பக்கமாக நகர்த்தினாள். பிறகு அது கதவுக்குள் போனது, பிறகு குந்தும் பீங்கானுக்கு மேலேயே ஏறியது, மணல் குறைந்துகொண்டே வந்து கடைசியில் பேசினும் இல்லாமல் போனது. பூனை பீங்கானின் இரண்டு பக்கமும் காலை வைத்துக் குந்தியது. இதுவரைக்கும் எந்தப் பூனையும் செய்யக்கூடியதுதான்.

மிச்சத்தை அவள் கற்றுக்கொடுக்கவில்லை. இடது காலை முதலில் வைத்து நுழைவது, கதவைச் சாத்துவது, வாளியைச் சரித்துத் தண்ணீர் ஊற்றுவது எல்லாம் அது பார்த்துப் பழகியது. வினையாகிப் போனது செருமல்தான். நம்மவர்கள் கக்கூசுக்குள் இருந்துகொண்டு வாய் திறந்து கதைப்பதில்லை, அது அதபான பழக்கம் இல்லை. யாராவது கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவர் தொண்டையைச் செருமுவார், தட்டியவர் விளங்கிக்கொண்டு விலகுவார். பூனையும் செருமியது. ஆனால் அது வெற்றிலை போடும் நடுவயது ஆம்பிளையின் தடித்த செருமலாக இருந்தது. ஏன் அப்படி என்று கேட்டால் ஹிதாயாவுக்கும் தெரியாது. யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் அது எதுவும் செய்யாது, வாசலில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருக்கும். மானமுள்ள யாரும் அப்படித்தானே.

அவளுடைய புருசன் பதுர்தீன் கட்டாரில் டிரைவர். அவனுடன் பிறந்த ராத்தா றிஸ்மினா கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தாள், வேலியில் ஓட்டை எங்கே இருக்கிறதென்று நன்றாக அறிந்தவள். ஒரு நாள் ஹிதாயா குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருக்க, றிஸ்மினா வந்து கக்கூஸ் கதவைத் தட்டினாள். உள்ளே செருமல். திரும்பி வந்து ஹிதாயாவின் முகத்தைப் பார்த்தாள். "உள்ள யாரு?" என்றாள். "பூன, மதினி" என்றாள் ஹிதாயா. உண்மைதான், ஆனால் இதைவிட மோசமான பதிலை அவள் தேடியிருந்தாலும் கிடைத்திருக்காது. மஃரிப் தொழுகைக்கு முன்னால் கட்டாருக்கு வொய்ஸ் மெசேஜ் போய்விட்டது: "தம்பி, ஒன்ட வீட்டுக் கக்கூசுக்குள்ள ஒரு ஆம்பிள இரிக்கான். ஒன்ட பொஞ்சாதி அத பூன எண்டு சொல்றா."

பிறகென்ன! அந்த மாதம் தடிமன் பிடித்து இருமிய ஆம்பிளைகள் எல்லாரும் ஹிதாயா வீட்டு ஒழுங்கைக்குள் போகாமல் சுற்றிப் போனார்கள். மீன்காரன் தொண்டை கரகரத்தாலும் எச்சிலை விழுங்கிக்கொண்டான். பதுர்தீன் போன் எடுத்தான், நேராக எதையும் கேட்கவில்லை. சோற்றுக்கு என்ன ஆணம் என்றான், மழை பெய்ததா என்றான், கக்கூஸ் தாழ்ப்பாள் சரியாக விழுகிறதா என்றான். பூனை அந்த நேரம் உள்ளேதான் இருக்கிறதென்று ஹிதாயாவுக்குத் தெரியும். போனைக் கக்கூஸ் வாசலுக்குக் கொண்டுபோய்க் கதவைத் தட்டிக் காட்டினாள். செருமல் கட்டார் வரை தெளிவாகக் கேட்டது. "கேட்டீங்களா, இதுதான் பூன" என்றாள் பாவி மகள். அவன் போனை வைத்துவிட்டான். ஆம்பிளை அகப்பட்டால் அந்த இடத்திலேயே தலாக் என்று றிஸ்மினா வேலிக்கு மேலால் யாருக்கோ சொல்வது கேட்டது. ஹிதாயா அடுப்படியில் இருந்து அழுதாள், பூனை அவள் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டது.

பதுர்தீன் சொல்லாமல் கொள்ளாமல் வந்தான். அஸர் தொழுகைக்குப் பிறகு பாலாவிச் சந்தியில் திரீவீல் பிடித்து, பெட்டியை ராத்தா வீட்டில் போட்டுவிட்டு, வேலி ஓட்டையால் தன் வளவுக்குள் நுழைந்தான். ஹிதாயா கிணற்றடியில் உடுப்பு அலசிக்கொண்டிருந்தாள். கக்கூஸ் கதவு சாத்தியிருந்தது. தட்டினான், உள்ளே செருமினார்கள். "வெளிய வாடா!" என்று கத்தினான். இன்னொரு தரம் செருமல், இந்தமுறை கொஞ்சம் கோபத்தோடு. றிஸ்மினா உலக்கையோடு வந்து நின்றாள். உள்ளே தண்ணீர் ஆறுதலாக விழுந்தது. தாழ்ப்பாள் விலகியது. பூனை வலது காலை முதலில் வைத்து வெளியே வந்து, இரண்டு பேருக்கும் நடுவால் நடந்து, வெயிலில் உட்கார்ந்து ஈரக் காலை நக்கியது. பதுர்தீன் உள்ளே போய்க் கூரையைப் பார்த்தான், கைகூட நுழையாத காற்றோட்டத் துளையைப் பார்த்தான், வாளிக்குள்ளும் எட்டிப் பார்த்தான். "அட, பூனதானே" என்று றிஸ்மினா உலக்கையை இறக்கிவிட்டு, அடுப்பில் சோறு கிடக்கிறதென்று போய்விட்டாள். இஷா தொழுகைக்குள் ஊரும் நம்பிவிட்டது. தங்கள் பூனையையும் பழக்கித் தரமுடியுமா என்று இரண்டு வீட்டில் கேட்டார்கள்.

பதுர்தீன் வெட்கத்தோடு சிரித்துக்கொண்டு சொக்லட் பெட்டியை நீட்டினான். ஹிதாயா வாங்கவில்லை. "பூன செருமும் எண்டு நம்ப ஒங்களுக்கு ஒரு நிமிசம் போகல்ல. நான் பொய் சொல்ல மாட்டன் எண்டு நம்ப கட்டார்ல இருந்து வரவேண்டி இருந்திச்சி" என்றாள். அவள் தாய் வீட்டுக்குப் போகவில்லை, சண்டையும் பிடிக்கவில்லை, பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தாள். அவன் பிறகு கட்டாருக்குப் போகவே இல்லை, புத்தளத்தில் லொறி ஓட்டுகிறான். காலையில் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கக்கூஸ் கதவைத் தட்டுகிறான். உள்ளே தடித்த குரலில் செருமல் கேட்டால் கிணற்றடியில் போய் நிற்கிறான். சில நாள் வெகுநேரம் ஆகும், லொறிக்குப் பிந்திவிடும். ஹிதாயா குசினியில் இருந்து அவனையே பார்த்துக்கொண்டிருப்பாள். உள்ளே யார் என்று அவன் கேட்பதில்லை.