முதல் கியரில் பின்னால் போன ஜீப்

என் அண்ணனும் என் வீட்டுக்காரரும் ஒருவரோடொருவர் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் ஒரு ஜீப்புக்கு இன்ஜின் மாற்றினார்கள். சொன்னால் யாரும் நம்புவதில்லை. இருபத்திரண்டு நாள். அத்தனை நாளும் இரண்டு பேருக்கும் வாயாகவும் காதாகவும் இருந்தவள் நான்தான்.

பேச்சு ஏன் நின்றது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பா போன பிறகு என்னை வளர்த்தது அண்ணன். என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். எனக்குத் தலை பின்னிவிடக்கூடத் தெரியும் அவருக்கு. கோணல்மாணலாகத்தான் பின்னுவார், ஆனால் பின்னுவார். அப்படிப்பட்டவரிடம் மூச்சுவிடாமல், ஒரு திங்கட்கிழமை காலையில் போய் பதிவுத் திருமணம் செய்துகொண்டு வந்து நின்றேன். மாப்பிள்ளை சர்வேயர், நிலம் அளக்கிறவர். அவரிடம் அண்ணனுக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல" என்று என்னிடம் ஒரே ஒரு தடவை சொன்னார். அதோடு என் மேல் இருந்த கோபம் தீர்ந்துவிட்டது. மிச்சக் கோபம் முழுவதும் என் வீட்டுக்காரர் தலையில் விழுந்தது.

இவரும் லேசுப்பட்டவர் இல்லை. இரண்டு தடவை அண்ணனைப் பார்க்கப் போனார். இரண்டு தடவையும் அண்ணன் எழுந்து உள்ளே போய்விட்டார். "இனிமே உன் அண்ணனா வாயைத் திறந்தா நான் பேசுவேன், இல்லன்னா இல்ல" என்று இவரும் முறுக்கிக்கொண்டார். நடுவில் மாட்டிக்கொண்டு விழித்தவள் நான்.

அந்தச் சமயத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு மலை மேல் ஒரு இடத்துக்கு மாற்றல் வந்தது. பாதி தூரம்தான் சாலை. மிச்சம் கல்லும் சேறும். அளவைக் கருவிகளை ஏற்றிக்கொண்டு போக வண்டி இல்லாமல் முடியாது. அவரோடு வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், வீட்டில் சும்மா கிடந்த தன் சின்ன ஜீப்பைக் கொடுத்தார். நான்கு சக்கரமும் இழுக்கிற வண்டி, சட்டத்தில் துரு கிடையாது. இன்ஜின் மட்டும் நெடுக விரிசல் விட்டுச் செத்துப்போயிருந்தது. வேலையில் சேர ஒரு மாதம் இருந்தது.

வண்டி பழுது பார்க்கிற பட்டறை வைத்திருக்கிற அண்ணனை வைத்துக்கொண்டு வேறு யாரிடம் போவேன்? போய் நின்றேன்.

"எனக்காகப் பண்ணிக் குடுங்கண்ணே."

கையைக் கந்தல் துணியில் விரல் விரலாகத் துடைத்தார். "பண்றேன். ஆனா உன் ஆளு என்கிட்ட பேசக் கூடாது. எதுவா இருந்தாலும் உன்கிட்ட சொல்லட்டும், நீ வந்து சொல்லு."

வீட்டில் வந்து சொன்னேன். "ரொம்ப நல்லதாப் போச்சு" என்றார் இவர். ஆளைப் பாருங்கள்.

எனக்கு இருந்தது ஒரே ஒரு பயம். வண்டி தயாரானதும் நாங்கள் கிளம்பிவிடுவோம். அதற்குள் இவர்கள் இருவரும் பேசிவிட வேண்டும். பேசாமல் கிளம்பினால் அப்புறம் எந்தக் காலத்திலும் பேசப் போவதில்லை. வருடத்துக்கு ஒரு தடவை நான் மட்டும் தனியாகப் பிறந்த வீட்டுக்கு வந்து, யாரோ மாதிரி இரண்டு நாள் இருந்துவிட்டுப் போவேன்.

பட்டறையின் முன்பக்கம் வாடிக்கையாளர் வண்டிகள். பின்பக்கம் தகரக் கொட்டகை. உத்திரத்தில் சங்கிலிக் கப்பி, மூலையில் மண்ணெண்ணெய் டின்னுக்குள் ஊறுகிற போல்ட்டுகள், கொட்டகைக்குப் பின்னால் செங்கல் சுவர். ஜீப்பை அந்தச் சுவருக்கு முன்னால் நிறுத்தியிருந்தார்கள். காலையில் அண்ணன் அதில் வேலை பார்ப்பார். சாப்பாட்டுக்குப் பிறகு அவர் முன்பக்கம் போய்விடுவார், இவர் பின்பக்கம் வருவார். முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து நடந்து என் செருப்பு தேய்ந்தது.

பின்னால் இடிபட்டு நசுங்கிப்போன ஒரு சின்னக் காரிலிருந்து, அடிபடாத இன்ஜினை அண்ணன் கழற்றி வாங்கி வந்தார். அது வேறு கம்பெனி இன்ஜின். ஜீப்பின் கியர்பாக்ஸோடு சேராது. நடுவில் ஒரு இரும்புத் தகடு செய்து, இரண்டு பக்கத்துத் துளைகளையும் அதில் போட்டு இணைக்க வேண்டும். இவர் அரை மில்லிமீட்டர் பிசகாமல் அதை வரைந்து கொடுத்தார்.

அண்ணன் வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். "அந்த அறிவாளிகிட்ட சொல்லு, பேப்பர்ல கோடு போட்டா இன்ஜின் ஓடாது. முப்பது வருஷமா கண்ணால பாத்துத்தான் பண்றேன்."

பின்பக்கம் போய் நான் சொன்னது: "படம் ரொம்ப நல்லா இருக்காம். ஒரு தடவை சரிபாத்துக்கச் சொன்னார்."

இவர் உடனே, "கண்ணால பாத்துப் பண்றதுக்கு இது என்ன கோலமா? உன் அண்ணனை ஸ்கேலைத் தொட்டாவது பாக்கச் சொல்லு" என்றார்.

முன்பக்கம் போய் நான் சொன்னது: "உங்க கைவேலையைப் பத்தி அவருக்குத் தெரியுமாம். ஒரு தடவை மட்டும் அளந்துட்டா நல்லதாம்."

இப்படிப் பொடி வைத்ததையெல்லாம் தட்டித் துடைத்துத்தான் கொண்டுபோவேன். எனக்கே முன்கோபம் அதிகம். எதையும் பொறுக்கிற ஆள் இல்லை. அந்த நாட்களில் மட்டும் எங்கிருந்து எனக்கு அந்தப் பொறுமை வந்ததோ தெரியாது. அண்ணி சமையலறை ஜன்னலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துச் சிரிப்பாள். "உனக்குச் சம்பளம் யார் தர்றா, முன்பக்கமா பின்பக்கமா?" என்பாள்.

இன்ஜினை இறக்கிய அன்று மட்டும் இரண்டு பேரும் ஒரே இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. அண்ணன் சங்கிலி இழுக்க, இவர் இன்ஜினைப் பிடித்து வழிகாட்ட, நடுவில் நான். இரண்டு பேருக்கும் இடையே மூன்றடிகூட இல்லை.

"இன்னும் கொஞ்சம் இறக்கணும்னு சொல்லு" என்றார் இவர்.

"இன்னும் கொஞ்சம் இறக்கணுமாம்" என்றேன் நான்.

"எவ்வளவுன்னு கேளு" என்றார் அண்ணன்.

"எவ்வளவுங்க?"

"ரெண்டு விரக்கடைன்னு சொல்லு."

"ரெண்டு விரக்கடையாம்ணே."

அண்ணி வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள். எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் அண்ணன் சங்கிலியை விட்டுவிடுவாரோ என்று உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன். இன்ஜின் அசையாமல் போய் அதன் இடத்தில் உட்கார்ந்தது. தகட்டின் துளை ஒன்றுகூடப் பிசகவில்லை. இருவர் முகத்திலும் ஒரே நேரத்தில் சிரிப்பு வந்தது. உடனே இரண்டு பேரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். பாவி மனுஷன்கள். அந்த ஒரு நொடியில் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும்.

அதற்கு நேர்மாறாகத்தான் நடந்தது. ரேடியேட்டர் குழாய்க்கு எந்த அளவு கிளிப் போட்டிருக்கிறது என்று இவர் கேட்டு அனுப்பினார். அன்றைக்கு அண்ணனுக்கு முன்பக்கம் யாரோடோ தகராறு. என்னிடம் சீறினார். "எனக்கே தொழில் சொல்லிக் குடுக்கறானா? இன்னும் ஒரு கேள்வி வந்துச்சு, ஸ்பேனரைக் கீழ போட்டுருவேன். வண்டியை அவனே தள்ளிட்டுப் போகட்டும்."

அவன், இவன் என்று அண்ணன் பேசியது அதுதான் முதல் தடவை. அதை நான் பின்பக்கம் கொண்டுபோகவில்லை.

மறுநாள் மத்தியானம் இவர் ஜீப்புக்கு அடியிலிருந்து தலையை நீட்டினார். "ஒன்னு கேளு. இந்த இன்ஜின் எந்தப் பக்கம் சுத்துது? சில கம்பெனி இன்ஜின் எதிர்ப்பக்கம் சுத்தும்னு எங்கயோ படிச்சேன். உன் அண்ணனை ஒரு தடவை பாத்துச் சொல்லச் சொல்லு."

நான் எழுந்து போனேன். முன்பக்கம் வரைக்கும் போகவில்லை. சமையலறையில் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தேன். கேட்டால் அண்ணன் ஸ்பேனரைப் போட்டுவிடுவார், வேலை நிற்கும், அத்தோடு எல்லாம் போச்சு. இன்ஜின் என்றால் சுற்றத்தானே செய்யும், அதில் எந்தப் பக்கமாக இருந்தால் என்ன என்று தோன்றியது. எனக்கு அவ்வளவுதான் தெரியும். திரும்பி வந்தேன்.

"கேட்டேங்க. எல்லாம் சரியாத்தான் சுத்துதாம்."

"பாத்துத்தான் சொன்னாரா?"

"பாத்துத்தான் சொன்னார்."

அவர் மறுபடி அடியில் போய்விட்டார். நான் சொன்னால் அவர் நம்புவார். அப்படித்தான் எப்போதும்.

இருபத்திரண்டாம் நாள் காலை இன்ஜினைக் கிளப்பினார்கள். முதல் சாவிக்கே பிடித்துக்கொண்டது. சும்மா சொல்லக் கூடாது, அவ்வளவு சுத்தமான ஓட்டம். விசிறி எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று அந்தச் சந்தோஷத்தில் யார் பார்ப்பார்கள்? அண்ணன் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். அடியில் சக்கரத்தைச் சுற்றவைக்கிற ஷாஃப்ட் ஆடுகிறதா என்று பார்க்க இவர் வண்டிக்குப் பின்னால், சுவரில் முதுகு படக் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வண்டி முன்னால்தானே போகப் போகிறது. நானும் அண்ணியும் பக்கத்தில் நின்றோம்.

அண்ணன் முதல் கியரைப் போட்டு கிளட்சை விட்டார்.

வண்டி பின்னால் பாய்ந்தது.

அண்ணி அலறினாள். பிரேக் கிறீச்சிட, இன்ஜின் ஒரு உதறு உதறி நின்றுபோனது. வண்டியின் பின்பக்க இரும்புக்கும் இவர் நெஞ்சுக்கும் நடுவில் ஒரு சாண் இருந்தது. நான் கையால் அளந்து பார்க்கவில்லை. ஆனால் அந்த ஒரு சாணை இப்போது கேட்டாலும் காட்டுவேன்.

அண்ணன் குதித்து ஓடினார். இவரை அக்குளில் கை கொடுத்துத் தூக்கி வெளியே இழுத்தார். தோள், மார்பு, கை என்று தடவிப் பார்த்தார்.

"அடி பட்டுச்சா? எங்கயாவது பட்டுச்சா? சொல்லுங்க."

"இல்ல" என்றார் இவர். உதடு வெளுத்திருந்தது. "ஒன்னும் ஆகல."

இருபத்திரண்டு நாளாக நான் காத்திருந்த பேச்சு அது. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட எனக்கு யோக்கியதை இல்லை.

மூச்சு சீரானதும் இவருக்குக் கோபம் வந்தது. "இன்ஜின் எதிர்ப்பக்கம் சுத்துது, அதான் முதல் கியர்ல பின்னால வந்துருக்கு. நான்தான் அன்னிக்கே கேட்டேனே. எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாக்கச் சொல்லி அனுப்பினேன். சரியாத்தான் இருக்குன்னு சொல்லி அனுப்பினது நீங்கதானே?"

"யார் சொல்லி அனுப்பினா? என்கிட்ட யாரும் அப்படி ஒரு கேள்வி கேக்கவே இல்ல."

"பொய் சொல்லாதீங்க."

"நான் எதுக்குப் பொய் சொல்றேன்? உங்களைக் கொல்லவா வண்டி எடுத்தேன்?"

இவர் முகத்தைப் பார்த்தேன். அப்படியும் இருக்குமோ என்று ஒரு கணம் அவருக்குத் தோன்றிவிட்டது. வாயை மூடிக்கொண்டு நான் சும்மா இருந்திருக்கலாம். நான் சொன்னால் இவர் நம்புவார், அண்ணனும் என்னை விட்டுக்கொடுக்க மாட்டார். பழி யார் மேலும் நிற்காமல் காற்றில் தொங்கியிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு ஜென்மத்துக்கும் இந்த இருவரும் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க மாட்டார்கள்.

"நான்தான்" என்றேன். "அண்ணன்கிட்ட நான் கேக்கவே இல்ல. கேட்டா வேலையை நிறுத்திடுவார்னு பயந்து, நானா சொல்லிட்டேன்."

அண்ணன் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. அவர் இவர் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, இப்ப என்ன பண்ணலாம்? முன்னால போக ஒரு கியர், பின்னால போக நாலு கியர். மலை ஏற முடியுமா இதை வச்சுக்கிட்டு?"

"ரெண்டு அச்சையும் திறந்து உள்ள இருக்கற கிரவுன் பல்சக்கரத்தைப் பக்கம் மாத்திப் போட்டா ஓட்டம் திரும்பும்ல?" என்றார் இவர். "இடம் இருக்கான்னு அளக்கணும்."

"அளங்க. நீங்களே அளங்க."

இருவரும் வண்டிக்கு அடியில் போய்விட்டார்கள். நான்கு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஸ்பேனர் வேண்டுமென்றால் அவர்களே கேட்டு அவர்களே எடுத்துக்கொண்டார்கள். நான் சமையலறைப் படியில் உட்கார்ந்து அழுதேன். அண்ணி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் பிழைத்ததற்கு அழுதேன், அவர்கள் பேசியதற்கும் அழுதேன். இனிமேல் என்னை இருவருமே கூப்பிடப் போவதில்லை என்பதற்கும் அழுதேன். வெட்கக்கேடுதான். ஆனாலும் உண்மை அதுதான்.

ஐந்து நாளில் ஜீப் நேராகப் போனது. அந்த மலைப்பாதையில் பதினோரு வருடம் எங்களைச் சுமந்தது. அண்ணன் எனக்குக் கடிதம் போட்டதைவிட இவருக்குப் போட்டதுதான் அதிகம், கடைசியில் பக்கவாதத்தில் படுத்தபோதும் "மாப்ள எங்க?" என்றுதான் கேட்டார். அவர் போய் ஒன்பது வருடம். அடுத்த மழைக்காலத்திலேயே இவரும் போனார்.

இந்த வயதில் மத்தியானத்தில் தூக்கம் வருவதில்லை. அந்தக் கொட்டகையை நினைத்துக்கொண்டு படுத்திருப்பேன். அண்ணன் இவரைத் திட்டியதில் பாதியை நான் சொல்லவே இல்லை. இவர் திட்டியதில் முக்கால்வாசியைச் சொல்லவில்லை. எல்லாம் வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. அப்புறம் அவர்கள் ஒட்டிக்கொண்ட ஒட்டுக்கு, சொல்லியிருந்தால் வயிறு வலிக்கச் சிரித்திருப்பார்கள். இப்போது சொல்லலாமென்றால் கேட்க ஆளில்லை.