தேதி போட்டு எழுதிய ஆசைகள்

வங்கியிலிருந்து செய்தி வந்தபோது என் வீட்டுக்காரர் வாடகை வேனுக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தார். தொகையை நான்தான் வாசித்தேன். "எத்தனை சைபர்னு மறுபடி எண்ணு" என்றார், வெளியே வராமலே. பாட்டில் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருடம், ஒவ்வொரு பாட்டிலையும் வெளிச்சத்தில் பிடித்து விரிசல் பார்த்த மனிதர். ஆலையை மூடி, ஆறு வருடம் வழக்கு நடந்து, நாங்களே தலைமுழுகிவிட்ட நஷ்டஈட்டுப் பணம் அது. ஐம்பதை நெருங்கும் ஆளுக்கு இன்னொரு முறை இப்படி வராது. கரைந்தால் கரைந்ததுதான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய செலவு எதுவானாலும் மாதக் காலண்டரில் அன்றைய தேதியில் எழுதிவைப்போம். முப்பது நாள் கழித்தும் ஆசை ஆறாமலிருந்தால்தான் வாங்குவது. அன்றே 'சொந்த வேன்' என்று எழுதினார். மூன்றாம் நாள் கொழுந்தனார் வந்தார். சிநேகிதன் ஒருவனோடு கூட்டாக செல்போன் கடை போடலாமாம், முன்பணம் நாளைக்கே வேண்டுமாம். தம்பி கேட்டு இவர் இல்லையென்று சொன்னதாகச் சரித்திரமே கிடையாது. நான் அடுப்பை அணைத்துவிட்டு அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தேன்.

இவர் பென்சிலை நீட்டினார். "எழுதுடா. முப்பது நாள்."

"நான் என்னண்ணே, சோபாவா?"

"சோபாவுக்கே முப்பது நாள்டா."

முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு எழுதிவிட்டுப் போனவர், இருபதாம் நாள் அவரே கூப்பிட்டார். கூட்டாளி ஆள் சரியில்லையாம், கடை வேண்டாமாம். எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

கெடு முடிந்த அன்று வேன் மட்டும் மிஞ்சியது. ஓட்டிக்கொண்டிருந்த அதே வேனை முதலாளியிடமிருந்து வாங்குவதென்றும், மீதியை இருவர் பெயரிலும் வங்கியில் போடுவதென்றும் முடிவாயிற்று. எழுந்து போனவர் திரும்பி வந்து, அன்றைய தேதியில் ஒரே ஒரு சொல் எழுதினார். பல்.

தையல் கடையில் நூலைக் கடித்துக் கடித்தே உடைந்த என் முன்பல். ஆலை மூடிய வருடம் பிடுங்கியது. அந்த இடம் அப்படியே கிடக்கிறது.

"இதுக்கும் முப்பது நாள் ஆகணும்" என்றேன்.

"இது ஆறு வருஷமா எழுதியிருக்கு. நீதான் பாக்கல. நாளைக்கே கெளம்பு."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வழக்கம்போல் கை வாயை மூடப் போனது. அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார், விடவில்லை.